மோயாற்று மஹ்சீருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மென்பொருள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக மோயாற்றில் ஒரு சிறு பகுதியை அளந்து வருகிறேன். மேலே மின் நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்து ஆறு ஏறி இறங்குகிறது. காலையில் முழங்கால் அளவு நின்ற இடத்தில் மாலையில் இடுப்பளவு. ஒருநாள் நீர் வடிந்ததும் கரையோரக் குழியில் விரல் நீளக் குஞ்சுகள் சிக்கித் துடித்ததைப் பார்த்தேன்.

நான் பார்ப்பது காவிரிப் படுகைக்கே உரிய, அழிவின் விளிம்பில் இருக்கும் திமில் மஹ்சீர் மீனை. பிஹாப்சிம் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறேன். ஆழம், ஓட்ட வேகம், அடித்தளம் ஒவ்வொன்றும் மீனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று 0 முதல் 1 வரை எண் கொடுத்தால், எந்த நீரோட்டத்தில் எவ்வளவு வாழிடம் மிஞ்சும் என்று அது கணக்கிடும். சிக்கல் அந்த எண்களில்தான். அந்த எண்களைத் தரும் வளைவுகளில் (ஆழமோ வேகமோ மாற மாற விருப்ப எண் எப்படி மாறும் என்று காட்டும் கோடுகள்) எனக்குக் கிடைத்தவை எல்லாம் ட்ரவுட், சால்மன் மீன்களுக்கானவை. ஒருவருக்கு அளவெடுத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிய கதை.

மஹ்சீர் இனம் எதற்காவது, குஞ்சுக்கும் பெரிய மீனுக்கும் தனித்தனியாக வளைவு வைத்திருக்கிறீர்களா? அப்புறம், மணிக்கு மணி மாறும் ஓட்டத்தை எப்படிக் கையாள்வது? தினசரிச் சராசரி போதும் என்கிறார் வழிகாட்டி. சராசரியில் அந்தக் குழி தெரியவே தெரியாதே! ஆற்றின் நீரோட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளின் இருபரிமாண மாதிரியில் ஓட்டி, ஆழத்தையும் வேகத்தையும் மணிவாரியாக எடுத்து வாழிடக் கணக்கில் சேர்த்தவர்கள் இருந்தால் முறையைச் சொல்லுங்கள். என்னிடம் எட்டு குறுக்குவெட்டு அளவுகள் இருக்கின்றன, கேட்டால் பகிர்கிறேன்.