சென்னை – மெல்பர்ன் பயணம்: அப்பாவுக்காக உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்களுடன் வசிக்கும் அப்பாவை, வரும் டிசம்பரில் மெல்பர்னில் உள்ள தங்கை வீட்டுக்கு அனுப்பவிருக்கிறோம். எழுபது வயதைக் கடந்த அவர் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறக்குறைய 8,770 கி.மீ. சிங்கப்பூர் வழியாகச் சென்றால் முதலில் சுமார் 2,900, பிறகு சுமார் 6,000 கி.மீ. என வருவதால், சுற்று ஒன்றும் பெரிதில்லை. வானில் இருக்கும் நேரம் நான்கேகால் மணியும் ஏழரை மணியுமாக ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது. டிசம்பரில் மெல்பர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அதைக் கழித்த பிறகே உண்மையான பயண நேரம் தெரியும். இன்சுலின் வேளையைக் குழப்புவது இந்த இடம்தான்.

பெற்றோரை இவ்வழியில் தனியாக அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: சக்கர நாற்காலி உதவியுடன் சிங்கப்பூரில் விமானம் மாற எத்தனை மணி இடைவெளி போதும்? கைப்பையில் இன்சுலின் பேனாவையும் ஊசிகளையும் கொண்டுசெல்ல, மருந்துச்சீட்டுடன் மருத்துவரின் கடிதமும் கேட்டார்களா? மெல்பர்னில் இறங்கியபின் குடியேற்றச் சோதனையும் உணவுப்பொருள் சோதனையும் முடிந்து வெளியே வர எவ்வளவு நேரமானது?