வீட்டு இசைக்கு ஒரு சிறு கணினி: எதை வாங்கினோம், ஏன் வாங்கினோம்?

சென்னையிலிருந்து:

பாட்டுக்கென்று வீட்டில் ஒரு சர்வர், அதாவது பாட்டுக் கோப்புகளை வைத்திருந்து மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் கணினி, வைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பிராசசரைத்தான் விசாரிக்கிறார்கள். இசையைப் பொறுத்தவரை அது கடைசியாகப் பார்க்க வேண்டியது என்பது என் அனுபவம். சிடி தரத்து ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவும்கூட, சுருக்காமல் அனுப்பினாலும், நொடிக்கு ஏறக்குறைய 9.2 மெகாபிட்டில் அடங்கிவிடும். பழைய 100 மெகாபிட் லேன் இணைப்பே இதைச் சிரமமின்றிக் கொண்டுபோகும். எனவே, ஹார்ட் டிஸ்க்கை எப்படி மாட்டுவது, மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும், கூடத்தில் வைத்தால் ஃபேன் சத்தம் கேட்குமா என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சேகரிப்பில் பெரும்பகுதி கர்நாடக இசைக் கச்சேரி சிடிக்கள். எஞ்சியவை கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகள். தரம் குறையாமல் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஒரு சிடி ஏறத்தாழ 300 முதல் 400 எம்பி வரை வரும். 1 டிபி இடத்தில் 2,500 சிடிக்கள் வரை வைக்கலாம் என்பதால் கொள்ளளவு எங்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. மின்செலவுதான் யோசிக்க வைத்தது. 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை இரவு பகலாக ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அதுவே ஏறக்குறைய தின்று தீர்த்துவிடும். 10 வாட்டில் ஓடும் கணினிக்கு அதே காலத்தில் சுமார் 14 யூனிட் போதும்.

ஆக, ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைச் சிறு கணினி, அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் மினி பிசி ஆகிய இரண்டில் ஒன்று என்று முடிவாயிற்று. ராஸ்பெர்ரி பையில், 2019-இல் வந்த பை 4 முதல்தான் முழு ஜிகாபிட் லேனும் யூஎஸ்பி 3 இணைப்பும் கிடைக்கின்றன. ஆனால் அதன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் ஒன்று மட்டுமே அதில் பெரும்பகுதியைக் கேட்கும். இரண்டை மாட்டினால் தாங்காது. உறவினர் ஒருவர் கைபேசி சார்ஜரைக் கொண்டு தம்முடைய பலகைக்கு மின்சாரம் கொடுத்திருந்தார். மின்சாரம் போதவில்லை என்று காட்டும் மின்னல் குறி திரையின் மூலையில் வந்து வந்து மறைய, டிஸ்க் 'டிக்' என்று நின்று மறுபடி சுழலத் தொடங்கியதை நானே பார்த்தேன். 2023-இல் வந்த பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யூஎஸ்பி துளைகளுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர் மட்டும் தரும்படி அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. பலகையின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு, எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

எனவே கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய மினி பிசி ஒன்றை வாங்கினேன். லெனோவோவின் டைனி, டெல்லின் மைக்ரோ, ஹெச்பியின் மினி எல்லாமே ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகள்தாம். உள்ளே இயங்குதளத்துக்கு ஓர் எம்.2 எஸ்எஸ்டியும் (பலகையிலேயே செருகும் சிறு அட்டை வகை), பாட்டுகளுக்குச் சாட்டா என்ற கேபிள் இணைப்பு கொண்ட இரண்டரை அங்குல டிஸ்க் ஒன்றும் வைக்க இடம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால், யூஎஸ்பியில் எதையும் தொங்கவிட வேண்டியதில்லை. கடையிலேயே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்: சாட்டா டிஸ்க்கைப் பிடிக்கும் தட்டும் அதன் சிறு கேபிளும் பழைய பெட்டிகளில் பல நேரம் இருக்காது, தனியாகத் தேடி வாங்குவதோ பெரும்பாடு. பிறகு, கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே அதை இயக்கி, பிளக்கைப் பிடுங்கி மீண்டும் சொருகிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. மின்தடைக்குப் பிறகு யாராவது போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் பாடும் என்றால், அந்தச் சர்வர் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் பயன்படாது.

மென்பொருளில், கைபேசிகளுக்குப் பாட்டை அனுப்ப நாவிட்ரோமும், கூடத்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்ப லிரியனும் ஓடுகின்றன. லிரியன் என்பது, ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற வீட்டு இசைக் கருவிகளுக்கான பழைய சர்வர் மென்பொருள்தான். அந்தக் கருவிகளின் விற்பனையை லாஜிடெக் 2012-இல் நிறுத்திய பிறகும் ஆர்வலர்கள் அந்த மென்பொருளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டு கோப்புகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பாடுகிறதா என்று சோதியுங்கள். கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு கோப்பாகவும் கீர்த்தனை அடுத்த கோப்பாகவும் இருக்கும். அந்த இடத்தில் தம்பூரா அரை நொடி அறுந்தால் கேட்கச் சகிக்காது.

கோவையிலிருந்து:

சென்னை ஐயா சொல்வது சர்வருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் வைப்பதற்கு நான் இன்னமும் ராஸ்பெர்ரி பையைத்தான் பரிந்துரைப்பேன். எங்கள் வீட்டில் டிஸ்க் உள்ள பெட்டி மாடி அறையில் இருக்கிறது. கீழே கூடத்தில் பை ஜீரோ 2 டபிள்யூ என்ற மிகச் சிறிய பலகை ஒன்றில், சர்வர் அனுப்பும் பாட்டை வாங்கி ஒலிக்கும் பைகோர்பிளேயர் என்ற மென்பொருள் ஓடுகிறது. அது தொடங்கும்போதே முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடுவதால், ஓடும்போது மெமரி கார்டில் எதையும் எழுதுவதில்லை. இரவில் என் தாயார் சுவரில் உள்ள சுவிட்சை அப்படியே அணைத்துவிடுவார். காலையில் போட்டால் பாடும். வழக்கமான லினக்ஸ் நிறுவியிருந்த முந்தைய கார்டு ஒன்று இதே பழக்கத்தால் பழுதாகிப் போனது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அந்தச் சிறிய பலகையின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அடுக்ககத்தில் அண்டை வீட்டு ரௌட்டர்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் லேன் துளை உள்ள பலகையே மேல். அடுத்து, பை 4-இல் உள்ள 3.5 மிமீ ஒலித்துளையில் வரும் ஒலி, தனி டிஏசி (எண்களை ஒலி அலையாக மாற்றும்) சில்லில் இருந்து வருவதன்று. துடிப்புகளின் அகலத்தை மாற்றி ஒலியை உண்டாக்கும் எளிய ஏற்பாடு அது. பை 5-இலோ அந்தத் துளையே இல்லை. 40 ஊசி இணைப்பின் மேல் பொருத்தும் டிஏசி பலகையையோ, யூஎஸ்பி டிஏசியையோ தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் சுருதி மட்டும் ஒலிக்கும் இடங்களில் வித்தியாசம் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கணினியைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டீர்கள். நான் கோப்புப் பெயர்களைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் கோயில் திருவிழாக்களில் பதிவான நாதஸ்வர, தவில் கச்சேரிகள். ஒவ்வொரு கோப்புக்கும் வித்துவான்களின் பெயர், இராகம், கோயில், திருவிழா எல்லாவற்றையும் தமிழிலேயே நீளமாக எழுதி வைத்திருந்தேன். விண்டோஸ் கணினியில் பிரச்சினை எதுவும் இல்லை. லினக்ஸ் சர்வருக்குப் படியெடுத்தபோதோ, பெயர் நீளமாக இருக்கிறது என்று பல கோப்புகளை அது ஏற்க மறுத்தது.

காரணம் இதுதான்: டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகளை அனுமதிக்கிறது, லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 அனுமதிப்பதோ 255 பைட்டுகளை. லினக்ஸ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்பதற்கு 3 பைட்டும், 'கி' என்பதற்கு 6 பைட்டும் தேவை. ஆகவே ஐம்பது எழுத்தைத் தாண்டினாலே எல்லை நெருங்கிவிடும். பெயரைச் சுருக்கி, விவரங்களைக் கோப்பின் உள்ளே, பாடல் விவரங்களுக்கென்றே இருக்கும் டேக் பகுதியில் எழுதுவதே வழி. பழைய எம்பி3 கோப்புகளில் டேக் விவரங்கள் டிஸ்கி போன்ற அக்காலத் தமிழ்க் குறியீட்டு முறைகளில் இருந்தால், சர்வரில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

சென்னையிலிருந்து:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டேக் பகுதியில் ஜானர் (இசை வகை) என்ற புலத்தில் 'கர்நாடக இசை' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதுவதால் பயன் இல்லை. நான் அதில் இராகத்தின் பெயரையும், கம்போசர் புலத்தில் வாக்கேயக்காரரின், அதாவது பாடலை இயற்றியவரின், பெயரையும் எழுதுகிறேன். அவ்வாறு செய்தால் எந்த மென்பொருளிலும் தோடியை மட்டும் வரிசையாகக் கேட்கலாம். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இப்போதுதான் கல்யாணியில் இருக்கிறேன். திருத்திய கோப்புகளை அவ்வப்போது வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, அலமாரியில் வைத்துவிடுகிறேன்.