டேப்பட் கவர் ஒழுகல்: பெங்களூரு பழைய வண்டிக்காரர்களின் அனுபவங்கள்

அல்சூர், அம்பாசடர் மார்க் 3

அம்பாசடரில் ஆயில் ஒழுகாத இடம் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது வண்டிக்குள் ஆயில் கருகுகிற வாடை வந்தால் முதல் சந்தேகம் டேப்பட் கவர் மேல்தான், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே வால்வுகளை மூடியிருக்கும் தகர மூடி. இந்த 1489 சிசி பிஎம்சி இஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் இரும்புக் குழாய்) இடது பக்கம், கவருக்குக் கீழே இருக்கிறது. கவர் ஓரத்தில் கசிகிற ஆயில் வழிந்து சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் கருகாமல் என்ன செய்யும்? ஓட்டத்தில் வாடை காற்றோடு போய்விடும். சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் நேராக மூக்குக்கு வரும்.

இதற்கு முன் ஒரு கராஜில் பார்த்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஒழுகினால் சிலிகான் பசை பூசு, மறுபடி ஒழுகினால் இன்னும் கொஞ்சம் பூசு, நட்டை இன்னொரு சுற்று முறுக்கு. கடைசியில் சிவாஜிநகரில் பிஎம்சி இஞ்சினோடு காலம் தள்ளிய ஒரு பாயிடம் கொண்டுபோனேன். கவரைக் கழற்றினார். கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஆயிலை அடைக்கிற கார்க் பேக்கிங் நட்டுக்குப் பக்கத்தில் காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது. மூலைகளில் புதுசு போல அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும், "தம்பி, இது பேக்கிங் கோளாறு இல்ல, தகரக் கோளாறு" என்றார்.

விஷயம் இதுதான். அந்தக் கவர் அச்சில் அழுத்தி எடுத்த மெல்லிய தகரம். அதைப் பிடித்திருப்பது நடுக்கோட்டில் உள்ள ரெண்டே நட்டு. ரெண்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் நடுப்பகுதி கீழே அமுங்கும், மூலைகள் மேலே தூக்கும். தூக்கின மூலையில் ஆயில் வரும். ஆயில் வருகிறதே என்று இன்னும் முறுக்குவார்கள். பி சீரிஸ் என்கிற இந்த பிஎம்சி இஞ்சினுக்கு இந்த நட்டின் டார்க் (முறுக்க வேண்டிய அளவு) வெறும் 4 பவுண்டு-அடி. சிலிண்டர் ஹெட் நட்டுக்குக் கிட்டத்தட்ட இதைப் போல பத்து மடங்கு. ஹெட்டை முறுக்கிய கையோடு அதே வேகத்தில் இதையும் முறுக்கினால் தகரம் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேலையை வீட்டிலேயே செய்தேன். கவரை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய சிலிகானை மழுங்கின கத்தியால் சுரண்டி எடுத்தேன். ஹெட் பக்கம் சுரண்டும்போது வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் மாட்டியிருக்கிற ராக்கர் ஷாஃப்டைச் சுற்றி வேஸ்ட் துணியை நன்றாகத் திணித்துவிட வேண்டும். ஒரு சிலிகான் துண்டு ஆயில் போகும் ஓட்டையில் விழுந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப் வரை போனால், ஆயில் பம்ப்பின் ஜல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். சிலிகானை அள்ளிப் பூசுவதில் உள்ள ஆபத்தும் இதேதான். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது.

சுத்தமான கவரை சமையலறைக் கடப்பைக்கல் மேடையில் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்பு இலைகள்) விட்டுப் பார்த்தேன். நட்டு இருக்கிற நடுப்பகுதி கல்லில் உட்கார்ந்திருந்தது. முன் மூலை ரெண்டிலும் கேஜின் தடித்த இலைகளே தாராளமாக நுழைந்தன. (வீட்டில் சமையல் நேரம் பார்த்து இதைச் செய்யாதீர்கள்.) தேக்குக்கட்டை ஒன்றை உள்ளே முட்டுக்கொடுத்து, சின்னச் சுத்தியலால் கவரின் உதட்டை, அதாவது ஓர விளிம்பை, தட்டித் தட்டி நேராக்கினேன். அவசரப்படுகிற வேலை இல்லை. தட்டுவது, கல்லில் வைப்பது, பார்ப்பது, மறுபடி தட்டுவது.

ஜே.சி. ரோட்டில் வாங்கிய கார்க் பேக்கிங் எந்தக் காலத்திலிருந்து பெட்டியில் கிடந்ததோ, காய்ந்து சுருங்கி நீளம் பற்றவில்லை. இழுத்தால் உடையும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் கார்க் மறுபடி விரியும்; ஈரம் போகத் துடைத்த பிறகு கவரின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. பசையைக் கவர் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவி, பேக்கிங்கை ஒட்டி, அதே கல்லில் கவிழ்த்து மேலே அம்மிக்குழவியை வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். ஹெட்டில் படும் பக்கத்துக்குப் பசையே கிடையாது, விரலால் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். அடுத்த தடவை கழற்றும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடு வரும்.

நட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். அவை கல்லாகிப் போனால் நட்டு மாட்டுகிற ஸ்டட் வழியாக ஆயில் மேலே வந்து கவர் முழுக்க வழியும், பழி பேக்கிங் மேல் விழும்.

கவர் திறந்திருக்கும்போதே டேப்பட்டும் (வால்வு இடைவெளி) செட் பண்ணிவிடலாம். பாய் சொல்லித்தந்த ஒன்பது கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். 8 முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐ செட் பண்ண வேண்டும், 6 திறந்திருந்தால் 3ஐ. ரெண்டு எண்ணும் சேர்ந்து எப்போதும் ஒன்பது வரும்.

ஃபிரேசர் டவுன், ஸ்டாண்டர்டு ஹெரால்டு

சென்னையில் செய்த வண்டி, 948 சிசி. இந்த வேலைக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. மட்கார்டோடு சேர்த்து பானெட் முழுசும் முன்பக்கமாகச் சாயும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அம்பாசடர்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனியட்டும்.

தகரம் வளைவது பற்றி மேலே சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும். இங்கே நட்டுக்கு அடியில் ஃபைபர் வாஷர் வரும். பழையதையே திருப்பிப் போட்டால் அதன் வழியாகவே ஆயில் வரும், புதுசு போடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். பசையே வேண்டாம், ரெண்டு பக்கமும் கிரீஸ் போதும் என்பேன். உதடு நேராக இருந்தால் கார்க் தானாகவே அடைக்கும். ஆனால் மாட்டும்போது பேக்கிங் நழுவாமல் பார்த்துக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

ஜெயநகர், பிரீமியர் பத்மினி

உதட்டை நேராக்கி, புது பேக்கிங் போட்டும் சில நாளில் மறுபடி ஈரம் தெரிந்தால் பிரீதர் குழாயைப் பாருங்கள். என் பத்மினியில் கோளாறு அங்கேதான் இருந்தது.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வருகிற புகைக்கு வெளியேற வழி வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். கார்க் பேக்கிங் அதற்கு எம்மாத்திரம்? குழாயைக் கழற்றினால் உள்ளே மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு கூழ். ஆயிலும் தண்ணீரும் கலந்தது அது. மழைக்காலத்தில் காய்கறி வாங்க நாலாவது பிளாக் வரை போய்வருவதோடு சரி, இஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை. உள்ளே வேர்க்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே போக வாய்ப்பில்லை. குழாயை பெட்ரோலில் கழுவி மாட்டியதும் கசிவு நின்றது. பேக்கிங்கைத் தொடவே இல்லை.

இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகப் புகை வந்தால் பரவாயில்லை. ரயில் இஞ்சின் போல் குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. அதற்கு எந்தப் பேக்கிங்கும் மருந்தில்லை.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், அம்பாசடர் நோவா

ஒரு சந்தேகம். கார்க்கே போடாமல் அனாபாண்ட் சிலிகான் பசை மட்டும் வைத்து மூடிவிடலாம், சுத்தமாக நிற்கும் என்கிறார் எங்கள் ஏரியா மெக்கானிக். செய்யலாமா சார்?

அல்சூர், அம்பாசடர் மார்க் 3

வேண்டாம் சார். அந்தக் கவரே கார்க்கின் தடிமனுக்கு ஏற்ப செய்தது. கார்க் இல்லாமல் வைத்தால் கவர் கீழே இறங்கி, உள்ளே ராக்கர் ஆடுகிற இடம் குறையும். சிலிகான் வேண்டுமானால் மூலையில் ஒரு மெல்லிய கோடு போடுங்கள், வண்டியை எடுக்காமல் ஒரு நாள் காயவிடுங்கள்.

அப்புறம், ஒழுகுவது டேப்பட் கவர்தான் என்று முதலில் உறுதி பண்ணுங்கள். இதே இஞ்சினுக்குப் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே ரெண்டு சின்ன மூடிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கார்க் பேக்கிங்தான், அவையும் ஒழுகும். இஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, ஹெட் இணைப்பு ஓரமாக மாவோ டால்கம் பவுடரோ தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். ஈரம் மேலிருந்து இறங்கியிருந்தால் கவர். மேலே பவுடர் காய்ந்தே இருந்து கீழே மட்டும் நனைந்திருந்தால் பக்க மூடி. பக்க மூடி என்றால் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.