ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. எதை முதலில் முடிப்பது?

கோவை_மெக்:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல், 2021 ரெகுலேஷன், ஏழாவது செமஸ்டர் போய்க்கொண்டிருக்கிறது. சிஜிபிஏ 7.8. மூன்று அரியர் விழுந்தது, எல்லாம் கிளியர் ஆகிவிட்டது. அடுத்த அக்டோபரில் ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கில வழி மாஸ்டர்ஸ் சேர வேண்டும். ஒரு இணையதளக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்ததில் ஜெர்மன் கிரேடு 2.1 என்று வந்தது.

சந்தேகங்கள்: (1) அரியர் இருந்தால் ஏபிஎஸ் (ஜெர்மன் விசாவுக்குக் கேட்கும் சான்றிதழ் சரிபார்ப்புச் சான்று) கிடைக்காதா? (2) பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. இது பிரச்சினையா? (3) பதினைந்து இடத்துக்குப் போட்டால் ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். சரியா? (4) விசாவுக்காக அங்கத்திய செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டுகிற பிளாக்டு அக்கவுன்ட்டில் பணத்தை இப்போதே கட்டிவிட வேண்டுமா?

வடக்குவாசல்:

தம்பி, இரண்டாவதாகக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஜெர்மன் படிவங்களுக்கு அது பிடிபடாது. யூனி-அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஜெர்மன் அமைப்பு) ஆகட்டும், பிளாக்டு அக்கவுன்ட் ஆகட்டும், குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக விடாது. உடனே பையன்கள் அப்பா பெயரை அதில் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்: அட்மிஷன் கடிதத்தில் இரண்டு பெயர், பாஸ்போர்ட்டில் ஒன்று, வங்கிச் சான்றில் இன்னொரு விதம். விசா கவுன்டரில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ போட்டு, இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்ப்பது. 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கால் என்றால் 3,500. செய்வதாக இருந்தால் இந்த மாதமே செய்யுங்கள். ரீ-இஷ்யூவில் பாஸ்போர்ட் எண்ணே மாறிவிடும். பழைய எண்ணில் ஐஇஎல்டிஎஸ் எழுதி, ஏபிஎஸ்ஸும் வாங்கிவிட்டு அதற்கப்புறம் பாஸ்போர்ட்டை மாற்றினால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு திரிய வேண்டும்.

இரண்டாவது வழி, பாஸ்போர்ட்டைத் தொடாமல், இருக்கிற ஒற்றைப் பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு வைப்பது. அந்தக் கோட்டை ஏற்காத தளத்தில் உதவி மையத்துக்கு எழுதிக் கேளுங்கள், நீங்களாக எதையும் கண்டுபிடித்துப் போடாதீர்கள். எந்த வழியாக இருந்தாலும் ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், விண்ணப்பம், பிளாக்டு அக்கவுன்ட், இன்சூரன்ஸ், விசா ஆறிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியல் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் ஒரு அஃபிடவிட் வாங்கி, எல்லா பிடிஎஃப் கட்டிலும் சேர்த்துவிடுங்கள்.

அரியருக்கு வருகிறேன். ஏபிஎஸ் பார்ப்பது உங்கள் சான்றிதழ்கள் உண்மையா, ஜெர்மனியில் படிக்கத் தகுதி இருக்கிறதா என்பதைத்தான். அரியர் இருந்தது என்பதற்காக நிராகரிக்க மாட்டார்கள். ஆனால் அரியர் எழுதிய மார்க் ஷீட்டையும் சேர்த்து ஏற்ற வேண்டும். முதல் முறை ஃபெயில் ஆன மார்க் ஷீட்டை ஒளித்துவிட்டு, கிளியர் பண்ணினதை மட்டும் வைத்தால் வரிசை இடிக்கும். ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்குப் படிப்பு விசாவுக்கு ஏபிஎஸ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய், திரும்ப வராது. ஒரே சான்றை எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பயன்படுத்தலாம். கடைசி வருட மாணவர்கள் டிகிரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீசனில் கூட்டம் ஏறும், வாரக்கணக்கில் இழுக்கும். பெயர் விஷயம் முடிந்த மறுநாளே போட்டுவிடுங்கள்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. அசலைக் கலரில் ஸ்கேன் எடுங்கள். ஜெராக்ஸை ஸ்கேன் செய்யாதீர்கள். மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் கிரேடு அட்டவணை அச்சாகியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் விடுவது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

கணக்குப்புலி:

அந்தப் பின்பக்கம் எதற்கு என்று நான் சொல்கிறேன். உங்கள் 2.1 தப்பு.

ஜெர்மனியில் பயன்படுத்துவது மாற்றியமைத்த பவேரியன் சூத்திரம். அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தட்டுத்தடுமாறி பாஸ்.

உங்களுக்கு 10 - 7.8 = 2.2. தேர்ச்சி எல்லை 4 என்று வைத்தால் 2.2 ÷ 6 × 3 + 1 = 2.1. அந்தக் கால்குலேட்டர் இதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் 2021 ரெகுலேஷனில் கடைசித் தேர்ச்சி கிரேடு சி, அதற்கு 5 புள்ளி. அப்படியானால் 2.2 ÷ 5 × 3 + 1 = 2.32. 2017 ரெகுலேஷன்காரர்களுக்குக் கடைசித் தேர்ச்சி கிரேடு பி, 6 புள்ளி. அதே 7.8 அவர்களுக்கு 2.65 ஆகிவிடும். 2.5 க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிற படிப்பில் நீங்கள் உள்ளே, அதே மார்க் வாங்கிய சீனியர் வெளியே. எந்த ரெகுலேஷன், எது கடைசி கிரேடு என்பதற்கு ஆதாரம் அந்தப் பின்பக்கம்தான். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டியலில் உள்ள எல்லையை வைத்தே கணக்கிடும், அதை நாம் மாற்ற முடியாது.

ஆனால் உண்மையில் அதிகம் பேர் அடிபடுவது கிரேடில் இல்லை, பாடப் பொருத்தத்தில். படிப்பின் தேர்வு விதிமுறையைத் திறந்து பாருங்கள். கணிதம் இவ்வளவு ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட்), மெக்கானிக்ஸ் இவ்வளவு, தெர்மோ இவ்வளவு என்று துறைவாரியாகக் கேட்டிருப்பார்கள். ஒன்றில் குறைந்தாலும் 9.5 சிஜிபிஏகாரருக்கும் மறுப்புதான். ஒரு ஈசிடிஎஸ் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஒரு வருடத்துக்கு 60.

நம் கிரெடிட்டை எப்படி மாற்றுவது? டிகிரி மொத்தம் 165 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்தை 240 ஈசிடிஎஸ் ஆக எடுத்தால் ஒரு கிரெடிட்டுக்கு 1.45. நான்கு வருடத்தையும் 180 ஆக எடுத்தால் வெறும் 1.09. உங்கள் கணிதத் தாள்கள் மூன்று: மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்ஸ். தலா 4, மொத்தம் 12 கிரெடிட். முதல் முறையில் 17.5 ஈசிடிஎஸ், இரண்டாவது முறையில் 13. கேட்பது 15 என்றால் ஒன்றில் தேறுவீர்கள், இன்னொன்றில் மாட்டீர்கள். எந்த முறை என்று விதிமுறையில் தெளிவாக இல்லாவிட்டால் படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரி மெயில் போடுங்கள். நீங்களே ஒரு பெருக்குத்தொகையை வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பாதீர்கள்.

குறைகிற இடத்தில், கணிதப் பகுதி உள்ள வேறு தாளைக் காட்டலாம். அதற்குத் தலைப்பு மட்டும் போதாது. சிலபஸின் அந்த யூனிட் உள்ள பக்கத்தை எண்ணோடு குறிப்பிட வேண்டும். ஒரே தாளை இரண்டு துறையில் முழுசாகக் காட்டினால் இரண்டையும் அடித்துவிடுவார்கள்.

ரைன்கரை:

பதினைந்து விண்ணப்பம் வேண்டாம். கணக்குப்புலி சொன்ன பொருத்தத்தைப் பார்த்தாலே பட்டியல் ஆறு ஏழாகச் சுருங்கிவிடும். பொருந்தாத இடத்துக்கு அனுப்புவது லாட்டரிகூட இல்லை. லாட்டரியிலாவது விழ வாய்ப்பு உண்டு.

யூனி-அசிஸ்ட் வழியாகப் போவதற்கு ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தடுத்தது தலா 30. ஆறுக்கு 225 யூரோ ஆகிறது. பரிசீலனைக்கு நான்கு முதல் ஆறு வாரம். பணம் போய்ச் சேராமல் ஃபைலைத் திறக்கவே மாட்டார்கள். கடைசி நாளன்று வங்கிப் பரிமாற்றம் செய்துவிட்டு ‘நேற்றே அனுப்பிவிட்டேன்’ என்று சொன்னால் எடுபடாது. கார்டில் கட்டுங்கள்.

எல்லா இடத்துக்கும் யூனி-அசிஸ்ட் இல்லை. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாக்டபுர்க் போன்றவை அதன் வழியாக. ஆஹன் ஆர்டபிள்யூடிஎச் தன் சொந்தத் தளத்தில். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டுங்கெட்டான்: விண்ணப்பம் அவர்கள் தளத்தில், ஆனால் மதிப்பெண் சரிபார்ப்புக்கான விபிடி என்ற தாளை யூனி-அசிஸ்ட்டிடம் வாங்கி இணைக்க வேண்டும். அதற்கும் அதே கட்டணம், அதே நான்கு ஆறு வாரம். மே 31 கடைசி நாள் என்றால் விபிடியை மார்ச்சிலேயே கேட்டுவிட வேண்டும்.

தேதிகளில் ஏமாறாதீர்கள். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்று எல்லோரும் சொல்வது பொதுவான தேதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆஹனில் மார்ச் 1. மியூனிக்கில் பல படிப்புகளுக்கு மே 31. ஜூலை 15 வரை திறந்திருக்கும் இடத்திலும் ஜூலையில் போட்டால் அட்மிஷன் வரும், விசாவுக்கு நேரம் இருக்காது.

‘அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இலவசம்’ என்பதும் இப்போது முழு உண்மை இல்லை. பாடன்-வ்யூர்ட்டம்பர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ பக்கம், 2017 குளிர்காலத்திலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பத்தில் 2024-25 குளிர்காலம் முதல் மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000.

கன்சல்டன்சி இலவசமாகச் செய்து தருகிறது என்றால், யாரோ அவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது தனியார் கல்லூரி. பட்டியலில் நீங்கள் கேள்விப்படாத பெயர் வந்தால், வெளிநாட்டு, உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் ஜெர்மன் அரசின் அனபின் தரவுத்தளத்தில் எச் பிளஸ் (அங்கீகாரம் பெற்றது என்ற குறி) இருக்கிறதா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பணப்பை:

நான்காவது கேள்விக்கு: இப்போதே கட்ட வேண்டாம். அட்மிஷன் கையில் வந்த பிறகு போதும்.

2024 செப்டம்பரிலிருந்து தொகை 11,904 யூரோ, மாதம் 992 வீதம் உங்களுக்குத் திரும்ப வரும். விசா போடும் நாளில் தூதரகத் தளத்தில் உள்ள தொகையை ஒருமுறை சரிபாருங்கள், இது அவ்வப்போது ஏறும். கணக்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டணம் இதற்கு மேல். அனுப்பும்போது நடுவில் உள்ள வங்கி பதினைந்து இருபது யூரோ பிடித்துக்கொண்டால் தொகை குறைந்து நிற்கும், உறுதிச் சான்று வராது. அதனால் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில் என்ற தேர்வைச் சொல்லுங்கள், ஐம்பது யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள். அவர்கள் தரும் ரெஃபரன்ஸ் எண் விட்டுப்போனால் பணம் யாருடையது என்று தெரியாமல் அங்கே கிடக்கும்.

ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாயைத் தாண்டி வெளிநாட்டுக்கு அனுப்பினால், தாண்டிய தொகைக்கு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். யார் பான் எண்ணில் போகிறதோ அவர் கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டலாம். கல்விக் கடனாக வங்கியிலிருந்து நேராகப் போனால் பிடித்தம் இல்லை.

கடன் வாங்குவதானால் மேனேஜரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிளாக்டு அக்கவுன்ட்டுக்கு நேரடியாகப் பணம் விடுவிப்பீர்களா? ‘ஃபீஸே இல்லாத காலேஜுக்கு எதற்குக் கடன்’ என்று கேட்கும் கிளைகள் உண்டு. கடன் அனுமதிக் கடிதத்தை மட்டும் பிளாக்டு அக்கவுன்ட்டுக்குப் பதிலாகக் காட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பார்ட் டைம் வேலையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. அனுமதி இருக்கிறது என்பதால் வேலை காத்திருக்கிறது என்று ஆகாது, ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு முதல் ஆறு மாதம் அதிலும் சிரமம்.

கோவை_மெக்:

மிக்க நன்றி அண்ணன்களே. பாஸ்போர்ட் ரீ-இஷ்யூவுக்கு ஸ்லாட் பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: எட்டாவது செமஸ்டர் ரிசல்ட் வருவதற்குள் ஆஹன் தேதி முடிந்துவிடுமே?

வடக்குவாசல்:

முடியட்டும். அதுவரை உள்ள மார்க் ஷீட்டுகளை வைத்துத்தான் போடுவது. டிகிரி முடிக்காமலே விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறார்கள். ஏழாவது செமஸ்டர் ரிசல்ட் பிப்ரவரிக்குள் வந்தால் அதையும் ஏற்றுங்கள், வராவிட்டால் ஆறோடு போங்கள். அசல் புரொவிஷனல் சான்றும் எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் கேட்பது பதிவு செய்யும்போது. அதற்கான கடைசித் தேதி அட்மிஷன் கடிதத்தின் நிபந்தனைப் பத்தியில் இருக்கும், வந்ததும் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள். எட்டாவதில் ஒரு அரியர் விழுந்தால்தான் எல்லாம் கவிழும். ப்ராஜெக்ட் வைவாவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.