நெருக்கடிக் காலத்துப் பெற்றோல் கேன்களை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கொட்டாஞ்சேனைக் கடைக்காரி

கொட்டாஞ்சேனையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2022இல் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது மின்பிறப்பாக்கிக்காக மூன்று கேன்களில் பெற்றோல் சேர்த்தேன். இரண்டு தண்ணீர்க் கேன்கள். ஒன்று தேங்காய் எண்ணெய் வந்தது. இன்றும் அவற்றில்தான் நிரப்புகிறேன். மூடியை இறுக்கிப் படிக்கட்டின் கீழ் வைத்தாலும் நண்பகலில் வாசனை எழுகிறது. அருகில்தான் என் மகள் இருந்து படிக்கிறாள். ஒரு கேனில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். யாரும் தொடவில்லை; ஒரே மாதத்தில் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. எங்கே போனது?

இரசாயனவியல் ஆசிரியர், வெள்ளவத்தை

காற்றில்தான் போனது, சகோதரி. மூடியின் இடுக்கால் மட்டுமல்ல, சாதாரண பிளாஸ்டிக்கின் சுவரையே பெற்றோல் மெல்ல ஊடுருவி வெளியேறும். அந்த ஆவியில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது. மீதிச் சேதனச் சேர்வைகள் வாகனப் புகையின் நைதரசன் ஒட்சைட்டுகளோடு வெயிலில் தாக்கமுற்று, நாம் சுவாசிக்கும் உயரத்திலேயே ஓசோனை உண்டாக்குகின்றன. அமெரிக்காவில் 2009 முதல் தயாராகும் கேன்கள் ஒரு கேலன் கொள்ளளவுக்கு நாளொன்றுக்கு 0.3 கிராமுக்கு மேல் ஆவியை விடக்கூடாது என்பது விதி. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படிக்கட்டின் கீழ் தங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். இன்றே வெளியே எடுங்கள்.

மருதானை வாசி

காலி வீதியில் பஸ்கள் கக்கும் புகைக்கு முன்னால் மூன்று கேன்கள் எம்மாத்திரம்?

கொட்டாஞ்சேனைக் கடைக்காரி

பஸ் புகையும் என் மகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது, அண்ணா. அதனால்தான் வீட்டிலிருந்து இன்னொரு பங்கைச் சேர்க்க மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். கேட்டுப் பார்த்தேன், ஒன்பதில் இப்படிக் கேன்கள் இருக்கின்றன.

பஞ்சிகாவத்தை மெக்கானிக்

அக்கா, இரும்பு ஜெரி கேன் வாங்குங்கள். இரும்புச் சுவரால் ஆவி போகாது. ஆனால் மூடியின் இறப்பர் வாஷர் வெடித்திருந்தால் பயனில்லை, அதை முதலில் பாருங்கள். கழுத்துவரை நிரப்பாமல் வெப்பத்தில் விரிய இடம் விடுங்கள். நிரப்பும்போது கேன் தரையில் இருக்க வேண்டும். வாகனத்துக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின் பொறி தட்டும். தேவைக்கு மேல் சேர்க்கவே வேண்டாம். பழைய பெற்றோல் தெளிவாக இருந்தால் புதியதோடு சிறிது சிறிதாகக் கலந்து எரித்து முடியுங்கள், வடிகானில் ஊற்றாதீர்கள். காலியான கேனைத் தண்ணீருக்கென்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் அந்த நஞ்சு போகாது.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரி

தம்பி, மூன்றையும் கூரை நிழலில் முற்றத்துக்கு மாற்றிவிட்டேன். பத்து லீற்றர் இரும்புக் கேன் ஒன்று போதும். அயல் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறது, மூடி மட்டும் கசிகிறது. அந்த வாஷரைத் தனியாக வாங்கலாமா? எதை அளந்து கொண்டுவர வேண்டும்?