வம்சாவளி எழுத உட்கார்ந்தால் அம்மா பேச மறுக்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்கும் வேலையை ஓராண்டாகச் செய்துவருகிறேன். அப்பா காலமாகிவிட்டார். பழையவற்றை அறிந்தவர்களில் எஞ்சியிருப்பவர் 78 வயதான என் அம்மா மட்டுமே. வேலை காரணமாக வேறோர் ஊரில் இருக்கும் என்னால் மாதம் ஒருமுறைதான் அவரைப் போய்ப் பார்க்க முடிகிறது. போகும்போதெல்லாம் நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன, அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டில் இடம்பெயர்ந்தார்கள் என்று வரிசையாகக் கேட்கிறேன். இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, "எனக்கு ஞாபகம் இல்லை, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சென்ற முறை நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "நீ என்னைப் பார்க்க வந்தியா, என் தாத்தாவைப் பார்க்க வந்தியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை மனத்தைக் குடைகிறது. அதே சமயம், அவரிடம் இருப்பதை இப்போது எழுதிவைக்காவிட்டால் எல்லாம் அவரோடு போய்விடுமே என்ற பதற்றமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதல் மறுமொழி

உங்கள் அம்மாவுக்குப் பழைய கதைகளில் வெறுப்பில்லை, நீங்கள் கேட்கும் முறைதான் அவரைத் தளர வைக்கிறது என்று நினைக்கிறேன். பெயரையும் ஆண்டையும் மட்டும் தனியே நினைவிலிருந்து எடுப்பது எவருக்குமே கடினம். அவை நாவில் வராதபோது, தன் நினைவு தேய்கிறதோ என்ற அச்சம் முதியவரைப் பற்றிக்கொள்கிறது. அந்த அச்சத்தை நம் முன் காட்ட விரும்பாமல்தான் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

நடுவயதைக் கடந்தவர்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலமே மிகுதியாகவும் துலக்கமாகவும் நினைவில் நிற்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன. ஆகவே அவர் பிறப்பதற்கு முந்தைய செய்திகளை விட்டுவிட்டு, அவர் சிறுமியாக வளர்ந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். யார் எங்கே படுத்தார்கள், விடியலில் முதலில் எழுந்தவர் யார், யாருடைய குரல் கேட்டால் பிள்ளைகள் அடங்கினார்கள் என்று கேட்டுவிட்டு, அவரை அந்த வீட்டுக்குள் உலவ விடுங்கள். நீங்கள் தேடும் கொள்ளுத்தாத்தா அங்கேதான் இருப்பார்.

என் பெரியம்மாவிடம் ஒரு பழைய புகைப்படத்தை நீட்டியபோது, நான் கேட்ட எவரைப் பற்றியும் அவர் பேசவில்லை. ஓரத்தில் பாதி முகம் மட்டும் விழுந்திருந்த ஒரு பெண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து, "இவதான் எனக்குத் தலை பின்னிவிடுவா" என்றார். பதினைந்து வயதில் இறந்துபோன, எங்கள் பட்டியல் எதிலும் இடம்பெறாத என் தாத்தாவின் தங்கை அவர். முதியவர்கள் பழையதையே பேசுவதை மூப்பின் குறையாகப் பலர் எண்ணியிருந்த காலத்தில், அது தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963ஆம் ஆண்டில் எழுதினார். பெரியம்மா பேசி முடித்தபோது அவர் முகத்தில் இருந்த நிறைவைக் கண்ட பிறகு, அதன் பொருள் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் மறுமொழி

தொகுக்கும் வேலையைப் பற்றிச் சில சொல்கிறேன். உங்களுக்கு 1 என்று எண் கொடுங்கள். தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண் கிடைக்கும், அதனுடன் ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். அந்தக் கணக்கில் உங்கள் அம்மாவின் அம்மா 7, அவருடைய அம்மா 15. இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னே போனால் 1,024 இடங்கள் வரும். உறவுக்குள் நடந்த திருமணங்களால் ஒரே ஆள் பல இடங்களில் வருவதும் உண்டு. எவராலும் முழுவதுமாக நிரப்பி முடிக்க முடியாத அட்டவணை இது என்பதால், உங்கள் பதற்றத்தைச் சற்றே தளர்த்திக்கொள்ளலாம். நான் பார்த்த அட்டவணைகள் பலவற்றில் ஒற்றைப்படை எண்கள், அதாவது பெண்களின் இடங்கள்தாம் வெறுமையாகக் கிடக்கின்றன. உங்கள் அம்மா சொல்லக்கூடியவையும் அவையே.

புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊடுருவிவிடும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். அவருடைய சம்மதத்துடன் ஒலிப்பதிவு செய்தால் நோட்டுப் புத்தகம் தேவைப்படாது.

மூன்றாம் மறுமொழி

உங்கள் நிலையில் நானும் இருந்தேன் என்பதால் எழுதுகிறேன். அப்பாவுடன் நான் செய்த நாற்பது நிமிட ஒலிப்பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் நடுவில் அவர், "நீ சரியா தூங்குறியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே" என்று கேட்கிறார். "இருங்கப்பா, முதல்ல அந்த வருஷத்தைச் சொல்லுங்க" என்று நான் இடைமறிக்கிறேன். அவரும் ஆண்டைச் சொல்லிவிடுகிறார். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆன பின்பும் அந்த இடத்தைக் கடக்க முடியாமல் பதிவை நிறுத்திவிடுகிறேன்.

எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்களான மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும், தம் குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை 20 கேள்விகளால் அளந்தார்கள். கூடுதலாக அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் அந்த விவரங்களை மனப்பாடம் செய்வித்தால் அந்தப் பலன் வந்துவிடாது என்று டியூக் தெளிவுபடுத்தினார். குடும்பமாகக் கூடி உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசியதன் வழியே வந்து சேர்ந்தவை அவை. மாதம் ஒருமுறைதான் போக முடியும் என்றால் அப்படியே போங்கள். இடையில் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் தொலைபேசியில் அழையுங்கள். அந்த அழைப்பில் வம்சாவளி வேண்டாம். அவர் உங்களைப் பற்றிக் கேட்பதற்கு இடம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்முறைப்படி அட்டவணையை இன்று எழுதிப் பார்த்தேன். 15 வெறுமையாக இருக்கிறது. அம்மாவின் பாட்டியைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. நாளை இரவு அம்மாவை அழைப்பேன். பெயரைக் கேட்கப் போவதில்லை. சிறு வயதில் அவருக்குத் தலை பின்னிவிட்டது யார் என்று மட்டும் கேட்கப் போகிறேன்.