எழுதும் அறை காலியாக இருக்க வேண்டுமா, நினைவுப்பொருட்களோடு இருக்க வேண்டுமா?

மலைவீடு:
சேலம் டவுனை விட்டு ஏற்காட்டுக்குக் குடிவந்த பிறகுதான் எழுதுவதற்கென்று எனக்குத் தனி அறை கிடைத்தது. இப்போது அதில் உட்கார இடமில்லை. அம்மாப்பேட்டையில் அப்பா நெய்த தறியின் நாடா (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை), சாக் ஹில்ஸில் பொறுக்கிய வெள்ளைக்கல், மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் லைட்மேனாக இருந்த தாத்தாவின் கேட் பாஸ், பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதைகள், வாசகர்களின் போஸ்ட் கார்டுகள், ஒரு பெட்டி நிறைய பஸ் டிக்கெட்டுகள், கூட்டங்களில் கொடுத்த ஷீல்டுகள் என்று அறை நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேஜை, நாற்காலி, அகராதி மட்டும் வைக்கப் போகிறேன்.

இட நெருக்கடி சின்னக் காரணம்தான். பெரிய காரணம், இந்தப் பொருட்கள் என்னை ஒரே கதையை எழுத வைக்கின்றன. நிமிர்ந்தால் நாடா தெரிகிறது. உடனே அப்பா, தறி, அம்மாப்பேட்டை. காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் என் வாசலைக் கடந்துதான் போகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் பேனா கீழே சேலத்துக்கே இறங்குகிறது. எழுதும் அறை காலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

குகைவாசகன்:
அக்கா, நான் முழுக்க மறுக்கிறேன். உங்களிடம் இருக்கும் கேட் பாஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டூடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் அவர்கள் எடுத்ததுதான். இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் போனால் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே வேலை பார்த்த தச்சர், லைட்மேன், சமையல்காரர் பற்றியெல்லாம் அந்த வளைவில் ஒன்றும் இல்லை. அதெல்லாம் உங்களைப் போன்றவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அறையைக் காலி செய்கிறேன் என்று நீங்கள் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது.

காலிமேஜை:
நான் அக்கா பக்கம். சூரமங்கலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீடு மாறும்போது எதைத் தூக்கிக்கொண்டு போக முடியுமோ அதுதான் எனக்குச் சொத்து. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார். அவருடைய பெரிய படைப்புகளில் பல அந்தப் பத்து வருடத்தில் வந்தவை. எழுத்துக்கு வேண்டியது பசியும் கவனமும். அலமாரி எதற்கு?

குகைவாசகன்:
தம்பி, அதே பாரதி 1921-இல் போன பிறகு என்ன நடந்தது? செல்லம்மா பாரதி அவர் எழுதியதைச் சேர்த்து, பாரதி ஆசிரமம் என்று தொடங்கிப் பதிப்பித்தார். யாரோ ஒருவர் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் நீங்களும் நானும் இன்று அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

முன்னாள் நூலகர்:
இருவரும் அறையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலோரம் என்றால் வெயிலும் சேர்ந்துகொள்ளும். பேனா மை வெளுத்துப்போகும். ஆகவே அம்மா, அந்தப் போஸ்ட் கார்டுகள் இப்போது இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

முதலில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். துரு ஏறினால் அந்த இடம் பொடிந்துவிடும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அது போதாது. பஸ் டிக்கெட்டில் பழைய அச்சு டிக்கெட் நிற்கும். கண்டக்டர் மெஷினில் வரும் டிக்கெட்டுகளில் பல சூடு பட்டு எழுத்து வரும் காகிதம், சில வருடங்களில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். அதை இன்றே படமெடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வேண்டும். யாருடையது, எந்த ஊர், எந்த வருடம், உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். சீட்டு இல்லாத கேட் பாஸ், உங்களுக்குப் பிறகு வருபவர்களுக்கு வெறும் அட்டை. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகூடச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இன்று எத்தனையோ ஆய்வாளர்கள் அங்கே போய் உட்காருகிறார்கள்.

மலைவீடு:
ஐயா, பின் கழற்றும் வேலையை இன்றே தொடங்குகிறேன், நன்றி. ஆனால் நீங்கள் சொல்வது பொருளைக் காப்பாற்றும் வழி. எனக்கு உறுத்துவது வேறு.

என் அறையில் இருப்பவை எல்லாமே யாரோ விரும்பி எடுத்து வைத்தவை. தறி நாடாவை வைத்திருக்கிறோம். அப்பா பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்கிய கடன் சீட்டை யாரும் வைக்கவில்லை. தாத்தாவின் கேட் பாஸ் இருக்கிறது, அவர் வேலை இழந்த வருடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பாராட்டிய போஸ்ட் கார்டுகளை எடுத்து வைக்கத் தோன்றுகிறது, திட்டியவை எங்கே போயின? இந்த அறை எனக்குச் சொல்வது பாதிக் கதை. அதைப் பார்த்துக்கொண்டே எழுதினால் என் எழுத்தும் பாதிக் கதைதான் சொல்லும். குகைவாசகன் தம்பிக்கு இது புரிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தறிக்குழி:
அக்கா, நானும் நெசவுக் குடும்பம், கொண்டலாம்பட்டி. நாடாவை யாரோ ஆசைக்காக எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் நினைக்காததையும் அது சொல்லும். கையில் எடுத்துப் பாருங்கள். கைத்தறி நாடா இலேசாக இருக்கும். விசைத்தறி நாடா கனமானது, அடி தாங்கும்படி செய்தது. உங்கள் வீட்டில் குழித்தறி நின்று பவர்லூம் ஓடியதா, எப்போது ஓடியது, யார் பணத்தில் ஓடியது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேளுங்கள். கடன் கதை தானாக வெளியே வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. அப்பா வாய் திறக்காத விஷயத்தைப் பெரியம்மா நாடாவைப் பார்த்ததும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

காலிமேஜை:
சரிங்க, அதை அம்மாவின் பக்கத்தில் வைத்துப் பேசலாமே. எழுதும் மேஜையில் எதற்கு? பரணில் வைத்தால் போதாதா?

முன்னாள் நூலகர்:
மலை வீட்டில் பரண் வேண்டாம். வெளிச் சுவரை ஒட்டியும் வேண்டாம். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள்.

மலைவீடு:
தறிக்குழி சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை கீழே போகும்போது நாடாவை அம்மாவிடம் கொண்டுபோகிறேன். அது மேஜைக்குத் திரும்பாது, கூடத்து அலமாரிக்குப் போகும். ஷீல்டுகளை இந்த வாரமே வெளியே எடுக்கிறேன், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. வெள்ளைக்கல்லை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு மேக்னசைட் தாது என்றால் என்னவென்று காட்டட்டும். அறை காலியாகத்தான் ஆகும்.

குகைவாசகன்:
நான் இன்னும் உங்கள் கட்சிக்கு வரவில்லை அக்கா. ஷீல்டு போகட்டும். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதைகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றை எறியாதீர்கள், அச்சில் வந்ததைவிட அவைதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். பாராட்டு மட்டும்தான் அறையில் இருக்கிறது என்பதற்கும் அவைதான் பதில். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி வருகிறேன். கேட் பாஸின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுக்க வேண்டும். நான் வரும்வரை எதையும் பெட்டியில் போட்டு மூட வேண்டாம்.